முகவாய் அழகு அறுவைக்கு முன்: குறையைக் கண்டறிவது முதல் குணமாகும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலோர் தங்கள் முகவாயைப் பற்றி முதன்முதலாகக் கவலைப்படுவது, பக்கவாட்டில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தைப் பார்த்த அன்றுதான். கண்ணாடியில் நம்மை எப்போதும் நேர்முகமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். பிறர் கண்ணில் படும் பக்கத்தோற்றம் நமக்கே புதிதாக இருக்கிறது. "முகவாயைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற முடிவுக்கு மனம் அங்கிருந்து ஒரே தாவலில் போய்விடுகிறது. முகவாய் சிறுத்துத் தெரிவதற்கு முகவாய் எலும்பே காரணமாக இருக்கலாம். கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருக்கலாம், மூக்கு நீண்டிருக்கலாம், முகவாய்க்கு அடியில் கொழுப்புத் திரண்டு கழுத்தின் வளைவை மறைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. காரணத்தைத் தவறாகக் கணித்துவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்ட அறுவையும் அந்த முகத்துக்குப் பொருந்தாமல் போகும். ஆகையால் எந்த அளவு, எந்தப் பொருள், எந்த மருத்துவர் என்ற கேள்விகளுக்கு முன்னால், குறை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: குறை எங்கே இருக்கிறது?

கைப்பேசியை நீட்டிப் பிடித்து நீங்களே எடுத்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவ்வளவு அருகில் எடுக்கும்போது கேமராவை ஒட்டியிருக்கும் மூக்கு பெரிதாகவும், சற்றுத் தள்ளியிருக்கும் தாடை ஓரங்கள் சிறிதாகவும் பதிகின்றன. படம் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் முகவாய் இன்னும் ஒடுங்கிவிடும். வேறொருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, உங்கள் முகத்தின் உயரத்திலேயே பிடிக்கச் சொல்லி, நேராகவும் இரு பக்கவாட்டிலும் முக்கால் பக்கமாகவும் சிரித்தபடியும் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தலையை நிமிர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். எதிரே கண் மட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். தலை சற்றே நிமிர்ந்தாலும் முகவாய் முன்னுக்கு வந்தது போலத் தோன்றும் என்பதால், பிற்பாடு "முன்பு, பின்பு" படங்களை ஒப்பிடும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் அமர்ந்து உதடுகளைத் தளர விடுங்கள். அவை தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றனவா, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு மெல்ல வாயை மூடுங்கள். மூடும் அந்தக் கணத்தில் முகவாயின் தோல் இறுகி, எலுமிச்சம் பழத்தின் தோலைப் போலச் சிறு சிறு குழிகள் விழுந்தால், அங்கிருக்கும் மென்டாலிஸ் என்ற தசை கீழுதட்டை மேலே தள்ளுவதற்குப் பெரும்பாடு படுகிறது என்று பொருள். முகத்தின் கீழ்ப்பகுதி உயரத்தில் நீண்டிருப்பவர்களிடமும் தாடை பின்தங்கியவர்களிடமும் இதைக் காணலாம். இவர்களுக்கு முகவாயின் முன்னால் ஒரு பொருளை மட்டும் வைத்துவிட்டால் பக்கத்தோற்றம் மேம்பட்டாலும், உதட்டை மூடும் சிரமம் அப்படியே இருக்கும். சிலருக்குக் கூடவும் செய்யும். ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை, ஆலோசனைக்குப் போகும் ஒவ்வொருவரும் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

மூன்றாவதாகப் பற்களின் கடி. கடைவாய்ப் பற்கள் படியும்படி கடித்துக்கொண்டு உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. அந்த இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு இருந்தால், பின்தங்கியிருப்பது முகவாயின் நுனி மட்டுமாக இராது. பற்களைத் தாங்கும் கீழ்த்தாடையே பின்னால் இருக்கக்கூடும். கடி சரியாக இருந்து முகவாய் மட்டும் சிறுத்திருப்பது ஒரு நிலை. தாடையே பின்தங்கியிருப்பது வேறொரு நிலை. முன்னதற்கு முகவாய் அறுவை நேரடியான தீர்வாக அமையும். பின்னதற்கு முழுமையான தீர்வு, பற்களில் கம்பி கட்டி வரிசைப்படுத்தி, தாடை எலும்பையே அறுத்து முன்னகர்த்தும் தாடை நேர்த்தி அறுவைதான். அது பல மாதங்கள், சில வேளை இரண்டு ஆண்டுகள் வரை இழுக்கும் சிகிச்சை என்பதால், அதைத் தவிர்த்து முகவாயை மட்டும் முன்னகர்த்திப் பக்கத்தோற்றத்தைச் சமன் செய்துகொள்பவர்களும் உண்டு. அப்படித் தேர்ந்தெடுப்பதில் பிழையில்லை. கடி மாறாது என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாடை பின்தங்கியவர்களிடம் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். உறக்கத்தில் உரத்த குறட்டை, மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தல், எவ்வளவு தூங்கினாலும் பகலில் தீராத அசதி ஆகியவை இருந்தால், நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுப்பாதை குறுகியிருக்கலாம். உறக்க மூச்சுத்திணறல் உள்ளவருக்கு அழகுக்கான அறுவையைவிட அந்தப் பரிசோதனையே முதலில் வர வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மூக்கையும் கழுத்தையும் சேர்த்துப் பார்க்காமல் முகவாயை அளக்க முடியாது. மூக்கு நீண்டிருந்தால் முகவாய் சிறுத்துத் தெரியும். முகவாய் பின்வாங்கியிருந்தால் இயல்பான மூக்கும் பெரிதாகத் தெரியும். மூக்கு அறுவை கேட்டு வருபவரிடம் முகவாயைப் பற்றியும் பேசுவது இதனால்தான். முகவாய்க்கு அடியில் கொழுப்புச் சேர்ந்து இரட்டைத் தாடையாகத் தெரிபவர்களுக்கு, முகவாயை முன்னகர்த்துவது கழுத்தின் வளைவை ஓரளவு தெளிவாக்கும். ஆனால் கொழுப்பு அங்கேயேதான் இருக்கும், அதை உறிஞ்சி எடுப்பது தனி வேலை.

மருத்துவர்கள் இவற்றைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் முப்பரிமாண சிடி படம் ஆகியவற்றில் எலும்பின் பருமனையும் பல் வேர்களின் நீளத்தையும் நரம்புத் துளையின் இடத்தையும் அளந்துகொள்வார்கள். பக்கத்தோற்றத்தை மதிப்பிடச் சில கோடுகளும் உண்டு. மூக்கு நுனியையும் முகவாய் நுனியையும் இணைத்து, உதடுகள் அதற்கு எவ்வளவு பின்னால் விழுகின்றன என்று பார்க்கும் முறையை ராபர்ட் ரிக்கெட்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் புகழ்பெறச் செய்தார். கீழுதட்டிலிருந்து ஒரு செங்குத்துக் கோட்டை இறக்கி, ஆண்களின் முகவாய் அதை ஒட்டியும் பெண்களின் முகவாய் சில மில்லிமீட்டர் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொரு முறை. இந்த அளவுகோல்களில் பல வெள்ளையின மக்களின் முகங்களை அளந்து உருவாக்கப்பட்டவை. மூக்கின் உயரமும் உதட்டின் பருமனும் வேறுபட்ட முகங்களில் அவற்றை அப்படியே பொருத்தினால், அந்த முகத்துக்கு உரியதல்லாத ஒரு முகவாய் வந்து சேரும். கோடு எங்கே விழுந்தாலும், உங்கள் முகத்தில் அது எப்படி நிற்கிறது என்பதே கணக்கு.

இரண்டாம் படி: இப்போதே செய்ய வேண்டுமா?

எலும்பு வளர்ச்சி முடியாதவர்கள் காத்திருக்க வேண்டும். பதின்ம வயதின் பிற்பகுதி வரை கீழ்த்தாடை வளர்ந்துகொண்டிருக்கும். ஆண்களுக்கு அந்த வளர்ச்சி பெண்களைவிடச் சற்றுத் தாமதமாகவே நிற்கிறது. பற்களில் கம்பி கட்டியிருப்பவர்கள், அந்தச் சிகிச்சையின் முடிவில் உதடு எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே நல்லது.

வயதைவிடக் கடினமான கேள்வி மனம் சார்ந்தது. பிறர் கண்ணுக்குப் படாத, அல்லது மிகச் சிறிய குறையை நாளெல்லாம் நினைத்து வருந்துவது, கண்ணாடியை விட்டு அகல முடியாமலோ கண்ணாடியையே தவிர்த்தோ வாழ்வது, அதன் பொருட்டு வெளியே செல்வதையும் வேலையையும் கைவிடுவது ஆகியவை உடல் தோற்றம் குறித்த மனக்கோளாறின் அறிகுறிகள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. அழகு அறுவையை நாடி வருபவர்களிடையே இந்த விகிதம் இன்னும் கூடுதல். இவர்களுக்கு அறுவை நிம்மதியைத் தருவதில்லை, கவலை வேறொரு உறுப்புக்கு இடம் மாறிவிடுகிறது. உள்ளத்துக்கான சிகிச்சையோ உண்மையிலேயே உதவுகிறது. இந்த வரிகளில் உங்களை அடையாளம் கண்டால், தயவுசெய்து முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். முகவாய் எங்கும் போய்விடாது.

மூன்றாம் படி: வழிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

கத்தியில்லா வழி ஃபில்லர் ஊசி. ஹைலூரானிக் அமிலம் கொண்ட கூழ் போன்ற மருந்தை முகவாயில் செலுத்தி உருவத்தைக் கூட்டுகிறார்கள். ஜூவிடெர்ம் வொலூமா என்ற ஃபில்லரை முகவாய்க்குப் பயன்படுத்த 2020இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. பலன் ஓராண்டு அளவுக்கு நிற்கும், பிறகு கரையும். பிடிக்காவிட்டால் ஹயலூரனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம் என்பதால், சிறிய குறை உள்ளவர்களுக்கு இது நல்ல ஒத்திகையாகவும் அமைகிறது. ஆனால் இதை ஒப்பனைக்குச் சமமாக எண்ணிவிடக் கூடாது. மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் அந்தப் பகுதித் தோல் அழுகலாம். மிக அரிதாகப் பார்வையும் பறிபோகலாம். ஊசி போட்ட இடம் வெளிறிப்போனால், அல்லது வலை பின்னியது போல நிறம் மாறிக் கடுமையாக வலித்தால், அந்த மணிநேரத்திலேயே சிகிச்சை தேவை. ஆகவே அந்த நொதியைக் கையிருப்பில் வைத்திருக்கும் மருத்துவரிடம் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும்.

உடலின் வேறு பகுதியிலிருந்து கொழுப்பை எடுத்து முகவாயில் செலுத்துவதும் உண்டு. அதில் எவ்வளவு நிலைத்திருக்கும் என்பதைத் துல்லியமாகக் கணிக்க முடியாது.

நிலையான மாற்றத்துக்கு இரண்டு பெரு வழிகள் உள்ளன. ஒன்று இம்பிளாண்ட் எனப்படும் செயற்கைப் பொருளை எலும்பின் மேல் பதித்தல், மற்றொன்று முகவாய் எலும்பையே நகர்த்தும் ஜீனியோபிளாஸ்டி.

இம்பிளாண்ட் பெரும்பாலும் கெட்டியான சிலிகோனால் ஆனது. நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீனாலும் செய்யப்படுகிறது. முகவாய்க்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறியோ, வாய்க்குள் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே கீறியோ, எலும்பை ஒட்டி ஒரு பை போன்ற இடம் உண்டாக்கி அதற்குள் பொருத்துவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; மரத்துப்போகும் ஊசியோடு தூக்க மருந்து கொடுத்தும் செய்ய முடியும். சிலிகோன் திசுவோடு ஒட்டிக்கொள்வதில்லை, அதைச் சுற்றி உடல் ஓர் உறையை உண்டாக்குகிறது. எனவே பின்னாளில் எடுக்க வேண்டி வந்தால் எளிது. நுண்துளைப் பொருளுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. அதனால் இடம் நகராது, ஆனால் எடுப்பது கடினம். இம்பிளாண்டின் பின்புறம் உள்ள எலும்பு காலப்போக்கில் சற்றுத் தேய்வதை 1960களின் இறுதியிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்தத் தேய்மானம் சிறிய அளவில் நின்றுவிடுகிறது; இம்பிளாண்ட் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ, கெட்டியான கீழ் எலும்பின் மேல் உட்காராமல் பல் வேர்களை நோக்கி மேலேறி உட்கார்ந்தாலோதான் அது கவலைக்குரியதாகிறது.

ஜீனியோபிளாஸ்டி முகவாய் எலும்பைப் பல் வேர்களுக்குக் கீழே குறுக்காக அறுத்து, அந்தத் துண்டை மேசை இழுப்பறையைப் போல முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்தும் முறை. இதை ஓட்டோ ஹோஃபர் 1942இல் வெளிப்புறக் கீறல் வழியாக விவரித்தார். வாய்க்குள்ளிருந்தே, வெளியே தழும்பின்றிச் செய்யும் முறையை ரிச்சர்ட் டிரவுனரும் ஹ்யூகோ ஓப்வெகேசரும் 1957இல் வெளியிட்டார்கள். இன்று நடப்பது அதன் வழிவந்ததே. முழு மயக்கம் தேவை, நேரமும் கூடுதல். ஆனால் இம்பிளாண்டால் முடியாத பலவற்றை இது செய்யும். இம்பிளாண்ட் முக்கியமாக முன்னோக்கியே உருவத்தைக் கூட்டும். எலும்புத் துண்டையோ முன்னே, பின்னே, பக்கவாட்டில் என எந்தத் திசையிலும் நகர்த்தலாம், நடுவில் ஒரு சிறு பட்டையை எடுத்துவிட்டு உயரத்தைக் குறைக்கலாம், இடைவெளி விட்டுப் பொருத்தி உயரத்தைக் கூட்டலாம், கோணலை நேராக்கலாம். உதட்டை மூடச் சிரமப்படுபவர்களில் பலருக்கு, உயரத்தைக் குறைத்து முன்னகர்த்தும்போது அந்தச் சிரமமும் தணிகிறது. நாக்கைத் தாங்கும் தசைகள் முகவாய் எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதால், அந்தப் பகுதியும் சேர்ந்து நகரும்படி செய்தால் மூச்சுப்பாதைக்கும் ஓரளவு இடம் கிடைக்கும். அறுபட்ட துண்டுக்கு இரத்த ஓட்டம் வருவதும் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தசைகள் வழியாகத்தான். அவற்றை விலக்காமல் காப்பது மருத்துவரின் கைத்திறன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கடி சரியாக இருந்து, உயரத்தில் குறையில்லாமல், முன்னோக்கி மட்டும் சிறிது அல்லது நடுத்தர அளவு போதாமல் இருப்பவருக்கு இம்பிளாண்ட் எளிமையான, பொருத்தமான வழி. உயரம் கூடியோ குறைந்தோ இருந்தால், முகவாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறை பெரிதாக இருந்தால் எலும்பை நகர்த்துவதே சரி. ஒரே முறையை மட்டும் செய்யத் தெரிந்த மருத்துவர் எல்லோருக்கும் அந்த முறையையே பரிந்துரைக்கும் வாய்ப்பு இருப்பதால், இரண்டையும் செய்பவரிடமோ, இரண்டு வேறு துறையினரிடமோ கருத்துக் கேட்பது வீண் செலவாகாது.

பெரிய முகவாயைச் சிறிதாக்க விரும்புபவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. எலும்பை முன்னகர்த்தும்போது மேலிருக்கும் தசையும் தோலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடவே வருகின்றன. எலும்பைத் தேய்த்துக் குறைக்கும்போதோ அவை அந்த அளவுக்குப் பின்வாங்குவதில்லை. தாங்க எலும்பில்லாத சதை கீழே தொங்கவும் கூடும். இதனால் குறைக்கும் அறுவையில் எலும்பைத் தேய்ப்பதைவிட, அறுத்து நகர்த்தும் முறையே பல வேளைகளில் பொருத்தமாகிறது.

நான்காம் படி: தோலுக்கு அடியில் இருக்கும் இரண்டு பொறுப்புகள்

தழும்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது ஒரு நரம்பையும் ஒரு தசையையும் பற்றி.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடிவரும் நரம்பு, முன்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே உள்ள ஒரு துளை வழியாக, இரு புறமும் வெளியே வருகிறது. மென்டல் நரம்பு எனப்படும் இதுவே கீழுதட்டுக்கும் முகவாய்த் தோலுக்கும் உணர்வைத் தருகிறது. வெளியே வருவதற்கு முன் இது எலும்புக்குள் துளையைவிடச் சற்றுக் கீழிறங்கி வளைந்து மேலேறுவதால், எலும்பை அறுப்பவர்கள் துளைக்குச் சில மில்லிமீட்டர் கீழே தள்ளியே அறுக்கிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நரம்பு இழுபடுவதால் உதடும் முகவாயும் மரத்துப்போவது வழக்கம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்வு திரும்பிவிடுகிறது. அந்த நாட்களில் தண்ணீர் குடித்தால் உதட்டோரம் வழிவது தெரியாது. கண்ணாடியைப் பார்த்தோ கையால் தொட்டோதான் அறிய முடியும். சவரம் செய்யும் ஆண்கள், கீறல் விழுந்ததை இரத்தத்தைப் பார்த்த பிறகே உணர்வார்கள். உணர்வு திரும்பும் காலத்தில் ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். அது நல்ல அறிகுறி. சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்துவிடுகிறது. உதடு அசையும், பேச்சும் வரும், உணர்வு மட்டும் இராது. அப்படி நேர்ந்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று ஆற அமர யோசித்துவிட்டுத்தான் ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டும்.

தசை என்பது, கண்ணாடிச் சோதனையில் குழிகளை உண்டாக்கிய அதே மென்டாலிஸ். கீழுதட்டை மேலே தாங்கிப் பிடிப்பது இதுதான். வாய்வழியாகச் செய்யும் அறுவையில் இதை அறுத்தே எலும்பை அடைய முடியும். முடித்த பிறகு அதே உயரத்தில் உறுதியாகத் தைக்க வேண்டும். அந்தத் தையல் தளர்ந்தால் கீழுதடு இறங்கி, பேசும்போது கீழ்ப்பற்களும் ஈறும் தெரியத் தொடங்கும். முகவாய்ச் சதையும் கீழே சரியும். முகவாயின் அளவில் ஏற்படும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிழையைவிட இது முகத்தை அதிகம் மாற்றிவிடும், திருத்துவதும் கடினம். "மென்டாலிஸ் தசையை எப்படித் திரும்பத் தைப்பீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு மருத்துவர் நிதானமாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பதிலிலிருந்து அவருடைய அனுபவம் ஓரளவு விளங்கிவிடும்.

இவை தவிர, தொற்று, இரத்தக்கட்டு, இம்பிளாண்ட் இடம் பெயர்தல், இரு பக்கமும் ஒத்துவராமை, எலும்பு அறுத்த இடத்தின் ஓரங்களில் தாடை வரிசையில் பள்ளம் தெரிதல், பல் வேர் சேதமடைதல் ஆகியவையும் நேரக்கூடும். கோரைப்பல்லின் வேர் நீளமானது என்பதால், எக்ஸ்ரேயில் முன்கூட்டியே அளக்காமல் அறுக்கக் கூடாத இடம் அது.

ஐந்தாம் படி: மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

முகவாய் அறுவையைப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களும், வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவர்களும், முக அழகு அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் செய்கிறார்கள். பட்டத்தின் பெயரைவிட, அவர் எந்த அரசு அமைப்பில் பதிவு பெற்றிருக்கிறார், இந்த அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறார், உங்களைப் போன்ற முக அமைப்பு உள்ளவர்களுக்குச் செய்த படங்கள் இருக்கின்றனவா என்பவை முக்கியம். படங்களைப் பார்க்கும்போது, முன்னும் பின்னும் தலையின் சாய்வும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளனவா, பின்னைய படம் குறைந்தது ஆறு மாதம் கழித்து எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். வீக்கம் வடியாத நாட்களில் எடுத்த படத்தில் எந்த முகவாயும் நிறைவாகத்தான் தெரியும்.

கணினியில் முகத்தை மாற்றிக் காட்டும் படம் உரையாடலுக்கு உதவும். நீங்கள் "கொஞ்சம்" என்று சொல்வதும் மருத்துவர் "கொஞ்சம்" என்று புரிந்துகொள்வதும் ஒன்றா என்பது அதில் தெரிந்துவிடும். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தப் போகிறார், ஏன் அந்த அளவு, ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும், திருத்த அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது, கட்டணத்தில் மயக்க மருந்தும் மருத்துவமனைத் தங்கலும் பின்தொடர் வருகைகளும் அடங்குமா, இரவில் சிக்கல் வந்தால் யாரை அழைப்பது ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கட்டச் சொல்லி, இன்று மட்டும் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: உடலைத் தயார் செய்தல்

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், மூலிகைகளையும் சத்து மாத்திரைகளையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்காகவோ இரத்தம் உறையாமல் இருக்கவோ தரப்பட்ட மருந்தை மட்டும், அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. எலும்பு மெலிவுக்குப் பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்து எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. இதைக் கேட்காத மருத்துவரிடமும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.

புகைப்பவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் நிறுத்த வேண்டும். நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. மின்சிகரெட்டும் நிகோட்டின் சுவிங்கமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. வாய்க்குள் கீறப் போவதால், சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் இருந்தால் அவற்றைப் பல் மருத்துவரிடம் காட்டி முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தொற்றுக்கு அது வாசலைத் திறந்து வைப்பதாகிவிடுகிறது.

பொதுவாக மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பே திட உணவையும், இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். கொழுப்பு மிகுந்த உணவென்றால் இன்னும் முன்பே. உங்களுக்குச் சொல்லப்பட்ட நேரத்தையே கடைப்பிடியுங்கள். அன்று உங்களை அழைத்துச் செல்லவும் முதல் இரவு உடனிருக்கவும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: குணமாகும் நாட்கள்

முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கம் கூடிக்கொண்டே போகும். காலையில் கண்ணாடியில் தெரியும் முகம் அச்சுறுத்தலாம். அது உங்கள் புது முகமில்லை, வீக்கத்தின் உச்சம். தலையை உயர்த்தி வைத்துப் படுப்பதும், மருத்துவர் சொன்னபடி குளிர் ஒத்தடம் கொடுப்பதும் உதவும். மரத்துப்போன தோலுக்குக் குளிரின் கடுமை தெரியாது என்பதால், பனிக்கட்டியைத் துணியில் சுற்றாமல் வைக்கக் கூடாது. கன்றிய நிறம் கழுத்துவரை இறங்கிப் பிறகு மஞ்சளாகி மறையும். முகவாயில் ஒட்டிய பட்டையைச் சில நாட்களில் எடுத்துவிடுவார்கள்.

வாய்க்குள் தையல் இருப்பவர்கள் முதலில் திரவ உணவும், பிறகு ஓரிரு வாரங்கள் மென்மையான உணவும் மட்டுமே உண்ண வேண்டும். ஒவ்வொரு முறை உண்ட பின்னும் குளோர்ஹெக்சிடின் போன்ற, எழுதித் தந்த மருந்தால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். உறிஞ்சுகுழலைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். பல் துலக்கும்போது கீழுதட்டைக் கையால் இழுத்துத் தையலைப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். தைத்த தசையை இழுப்பது அந்தக் கைதான், தயவுசெய்து வேண்டாம். வாய்த் தையல் தானாகக் கரையும், தோலில் போட்ட தையலை ஒரு வார அளவில் எடுப்பார்கள்.

பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். கடும் உடற்பயிற்சிக்கு மூன்று நான்கு வாரமும், அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளுக்கு அதைவிட நெடிய காலமும் பொறுக்க வேண்டும். எலும்பு அறுத்தவர்களுக்கு அது ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகும். சிரிப்பு முதல் சில வாரங்கள் விறைப்பாகத்தான் இருக்கும். வீக்கத்தின் பெரும்பகுதி மூன்று வாரத்தில் வடிந்தாலும், உருவம் நிலைபெற ஆறு மாதம், சில வேளை ஓராண்டு ஆகிறது.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்து இறுகினாலும், காய்ச்சலுடன் சீழோ நாற்றமோ வந்தாலும், வடிந்துகொண்டிருந்த வீக்கம் மீண்டும் ஏறி வலி கூடினாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். நாக்குக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அழைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே ஏற்படும் இரத்தக்கசிவு மிக அரிதானது என்றாலும் மூச்சுப்பாதையை அடைத்துவிடக்கூடியது.

எட்டாம் படி: பிறகு

தொற்றோ இடப்பெயர்வோ இல்லாதவரை, திருத்த அறுவையைப் பற்றி ஆறு மாதத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டாம். இம்பிளாண்டை எடுத்துவிட்டால் பழைய முகவாய் அப்படியே திரும்பிவிடும் என்றும் எண்ண வேண்டாம். விரிந்த திசு தளர்ந்து மடியலாம், அதற்குச் சிறிய அளவு இம்பிளாண்டோ எலும்பு நகர்த்தலோ தேவைப்படலாம்.

அறுவைக் குறிப்பின் நகலையும், இம்பிளாண்டின் பெட்டியில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அடங்கிய சீட்டையும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்துக் கீழ் முன்பல் ஒன்றில் வேர்ச்சிகிச்சையோ பல் பிடுங்கலோ தேவைப்பட்டால், நாற்காலியில் உட்கார்ந்ததும் பல் மருத்துவரிடம் முகவாயில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசியை எங்கே போடுவது, சீழ் இருந்தால் அது இம்பிளாண்டைத் தொடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அந்தச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பார்த்து அவர் முடிவு செய்வார்.